வெள்ளத்தில் ஊறிய கூறைப்பட்டு: ஊசி நூல் இல்லாமல் மீட்ட விதம்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் கொட்டிய மழை 46 செ.மீ.க்கும் மேல். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே ஏறியது. அப்படி ஒரு தரைத்தள வீட்டில், இரும்பு பீரோவின் அடித்தட்டில் கிடந்த முகூர்த்தப் புடவைதான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் நிகழ்வு.

காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு, அதாவது வேறு நிறக் கரையை உடலோடு கோத்து நெய்தது. அரக்கு உடல், இலைப்பச்சைக் கரை. முப்பது ஆண்டுக்கு மேல் பழையது. ரவிக்கைத் துணி அப்போதே வெட்டப்பட்டுவிட்டதால் மீதி நீளம் 5.4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். கீழ்க்கரை 18 செ.மீ., மேல்கரை 10 செ.மீ., இடையே உடல் 92 செ.மீ. முந்தானை 75 செ.மீ. புடவை பாலிதீன் கவருக்குள் அந்துருண்டையோடு இருந்தது. கவருக்குள் தண்ணீர் புகுந்தது, வெளியேற வழியில்லை. மூன்றாம் நாள்தான் பீரோவைத் திறந்தார்கள்.

வீட்டில் யாருக்கும் தைக்கத் தெரியாது, மெஷினும் இல்லை. தையல்காரரிடம் காட்டியபோது, "ஊசி ஏறினா கிழிஞ்சிடும்மா, துணி தாங்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. மக்கிய பட்டில் தையல் என்பது வரிசையாகத் துளை போடுவதுதான். அந்தத் துளை வரிசையிலேயே துணி விட்டுப்போகும். ஆக, தைக்கத் தெரியாதது இந்தப் புடவைக்குக் குறையாக அமையவில்லை.

இரண்டு மகள், ஒரு மருமகள். மூவருக்கும் ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். கூடவே ஒரு நிபந்தனை: "கூறைப்பொடவைல நல்ல எடத்துல கத்திரி வெக்காதீங்கடி. தானா விட்டுப்போன மடிப்புல வேணா வெட்டிக்கோங்க." சடங்கு சார்ந்த தயக்கம் போலத் தோன்றினாலும், வேலைக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைத்திருக்காது. ஏன் என்பது பின்னால் தெரியும்.

முதல் வாரம்

நனைந்த பட்டை எடுத்ததும் பிழியக் கூடாது. தூக்கித் தொங்கவிடவும் கூடாது. தண்ணீர் குடித்த ஜரிகைப் புடவையின் எடையை நனைந்த பட்டிழை தாங்காது. கவரோடு அப்படியே தரையில் கிடத்தி, கவரை வெட்டித் திறந்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் வெள்ளைப் பருத்தித் துண்டு வைக்க வேண்டும். அரக்குச் சாயம் பச்சையின் மேல் இறங்குவது அடுக்குகள் ஒட்டிக் கிடக்கும்போதுதான். துண்டு ஈரமானதும் மாற்ற வேண்டும். வெயில் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். நிழலும், மேலே நேராகப் படாத மின்விசிறிக் காற்றும் போதும். ஈரத்தின் மேல் இஸ்திரி வைத்தால் வண்டலும் சாயமும் இழைக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

பூஞ்சை பிடிக்க ஈரத்துணிக்கு இரண்டு நாள் தாராளம். இங்கே மூன்று நாள் ஆகிவிட்டதால் உள்முனைப் பக்கம் (இடுப்பில் செருகும் முனை) சாம்பல் புள்ளிகள் வந்திருந்தன. ஈரமாக இருக்கும்போது அதைத் துடைத்தால் பரவும். முழுக்க உலர்ந்த பின், என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் இல்லாமல் திறந்த வெளியில், மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட வேண்டும். துணி தொட்டுப் பார்க்க உலர்ந்ததாகத் தெரிந்தாலும் ஒட்டு வேலையை உடனே தொடங்கக் கூடாது. டிசம்பரில் புதுச்சேரிக் காற்றே ஈரம். இந்தப் புடவையைக் காற்றோட்டமான அறையில் பருத்தி விரிப்பின் மேல் பரத்தி வைத்து, வேலையை மார்ச்சுக்குத் தள்ளியது சரியான முடிவு. அரை ஈரத்தோடு துணிக்குப் பின்னால் ஒட்டுத்துணி ஏற்றினால், பூஞ்சையை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

ஜரிகை கறுத்திருந்தது, சில இடங்களில் பச்சை பூத்திருந்தது. கறுப்பு என்றால் வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்த படலம். பச்சை என்றால் செம்பு அரித்திருக்கிறது. கறுப்பு பல ஆண்டு வேலை, பச்சை வெள்ளத்தின் வேலை. இரண்டையும் தேய்த்து எடுக்க முயலக் கூடாது. புளி, பற்பசை, வெள்ளிப் பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாம் பாத்திரத்துக்குச் சரி. ஜரிகையில் உலோகம் பட்டு நூலைச் சுற்றிய மெல்லிய நாடா. அதன் மேல் பூசிய தங்கம் அதைவிடப் பன்மடங்கு மெல்லியது. தேய்த்தால் கறுப்போடு தங்கமும் போய் வெறும் வெள்ளி பல்லிளிக்கும், அதுவும் சில மாதத்தில் மறுபடி கறுக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மஞ்சள் கறைக்கும் அதே பதில். கழுத்தடியிலும் மடியிலும் திட்டுத் திட்டாக இருந்த கல்யாணத்தன்று பட்ட மஞ்சளைச் சோப்பு போட்டு எடுக்கப் போனால், சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவந்துவிடும். போதாததற்குப் பட்டு புரத இழை. காரம் அதையே தின்னும். ப்ளீச்சிங் திரவம் பட்டால் துணியே கரையும்.

புடவையைப் படிப்பது

வேலையில் பாதி இதுதான். பெரும்பாலான வீடுகளில் இதைத் தாண்டி நேராகக் கத்திரிக்குப் போய்விடுகிறார்கள்.

மடித்து வைத்த புடவையில் மடிப்புகள் ஒழுங்கான இடைவெளியில் விழும். இந்தப் புடவை நீளவாக்கில் பதினாறாக மடிந்திருந்தது. ஒரு கட்டம் சுமார் 34 செ.மீ. அகலவாக்கில் நான்காக, 30 செ.மீ.க்கு ஒரு மடிப்பு. பாவு நூல் நீளத்தில் ஓடுவதால் 34 செ.மீ. மடிப்புகள் பாவை வளைக்கின்றன, 30 செ.மீ. மடிப்புகள் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, வளைக்கின்றன. கரைக் கோலத்தின் ஜரிகை பெரும்பாலும் பாவாகவும், முந்தானை ஜரிகை ஊடையாகவும் ஓடும். ஆகவே கரை விட்டுப்போனது 34 செ.மீ. மடிப்புகளில்; முந்தானை நலிந்தது 30 செ.மீ. மடிப்புகளில். உலோக இழை ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடந்தால் பக்கத்துப் பட்டிழையை அறுக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை மடிப்பை மாற்றி மடிக்கச் சொல்லும் பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுவே.

பார்க்கும் முறை எளிது. தரையில் வெள்ளை விரிப்பு. அதன் மேல் புடவை. இருட்டிய அறையில் கைபேசி டார்ச்சைத் துணிக்கு அடியில் மெல்ல நகர்த்தினால் நலிந்த கோடும் ஊசித்துளைகளும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். அடுத்தது இழுப்புச் சோதனை: இரண்டு கைப் பெருவிரல்களையும் 2 செ.மீ. இடைவெளியில் வைத்து, பாவுத் திசையில் ஒரு முறை, ஊடைத் திசையில் ஒரு முறை, மிக மென்மையாக இழுத்துப் பார்ப்பது. நல்ல பட்டு எதிர்த்து நிற்கும். மக்கிய பட்டு காகிதம் போலச் சத்தமில்லாமல் விலகும். குறி வைக்க சாக்பீஸ், பேனா எதுவும் வேண்டாம். காகிதத் துண்டில் எண் எழுதி ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் படம் எடுத்தால் போதும்.

உள்முனையிலிருந்து எண்ணிய கணக்கு இப்படி வந்தது. 1 முதல் 3 வரை மக்கியவை, பூஞ்சையும் அங்கேதான். 4, 5 கட்டங்களில் கீழ்க்கரைப் பச்சையில் அரக்கு இறங்கிப் பழுப்பாகியிருந்தது. 6 முதல் 13 வரை உடல் நன்று. மடிப்புகளில் மட்டும் விரிசல். 14 முதல் 16 வரை முந்தானையும் அதையொட்டிய உடலும். ஜரிகை கறுத்திருந்தாலும் துணி உறுதி. இதற்கு மேல் ஃபால்ஸ் ஒரு தனிக்கதை. கீழ்க்கரையில் 3 மீட்டருக்குத் தைத்திருந்த பருத்தி ஃபால்ஸ் தண்ணீரில் சுருங்கிப் பட்டைச் சுருக்கிவிட்டது. அதைப் பிரிக்கும்போது ஃபால்ஸ் பக்கத்து நூலை மட்டும் பிளேடு நுனியால் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து, துணியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு நூலை உருவ வேண்டும். ஃபால்ஸைப் பிடித்து இழுத்தால் கரை கிழியும். பிரித்த பிறகும் 9ஆம் கட்டம் வரை சுருக்கம் நேராகவில்லை. ஆக, கீழ்க்கரையில் பயன்படுத்தத் தகுந்த நீளம் 10 முதல் 13 வரை, 136 செ.மீ.

விளிம்புதான் கேள்வி

தையல் இரண்டு வேலை செய்கிறது: வெட்டிய விளிம்பு பிரியாமல் தடுக்கிறது, இரண்டு துணிகளைப் பாரம் தாங்கும்படி பிடிக்கிறது. இரண்டாவதை ஒட்டு வேலையால் நம்பகமாகச் செய்ய முடியாது. அதனால் தோள்பை, தலையணை உறை, சோபா மெத்தை உறை எல்லாம் முதலிலேயே பட்டியலிலிருந்து விலகின. உறையின் மூலையில் விழும் இழுவையில், ஒட்டு விடாவிட்டால் பட்டு விடும். ஜன்னல் திரைக்கும் விளக்குக் கூட்டுக்கும் வேறு காரணம்: வெளிச்சம். கடற்கரை ஊர் வெயில் படும் ஜன்னலில் பழைய பட்டு வேகமாக நொறுங்கும்.

முதல் வேலையை, அதாவது விளிம்பைக் காப்பதை, தைக்காமல் செய்ய மூன்று வழி உண்டு. நெய்யும்போதே முடிந்திருக்கும் கரையின் ஓர விளிம்பை அப்படியே பயன்படுத்துவது முதல் வழி. வெட்டிய விளிம்பைச் சட்டத்துக்குள்ளோ பலகைக்குப் பின்னாலோ மறைப்பது இரண்டாவது. பின்பக்கம் ஃப்யூசிங் துணி (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் துணி) ஏற்றி இழைகளைப் பூட்டிவிட்டு அப்புறம் வெட்டுவது மூன்றாவது. இந்த நிகழ்வில் செய்த ஒவ்வொரு பொருளும் இந்த மூன்றில் ஒன்றைச் சார்ந்தது. கத்திரியை விட்டுப்போன மடிப்பில் மட்டும் வைக்கச் சொன்ன நிபந்தனை இங்கேதான் கைகொடுத்தது: 34 செ.மீ. கட்டங்களாகவே திட்டமிட்டதால், பெட்டிகளுக்கான துணியின் நடுவில் விரிசல் வரவில்லை.

வாங்கியவை: ரவிக்கைக் காலருக்குப் போடும் மெல்லிய பருத்தி ஃப்யூசிங் 2 மீட்டர், 20 மி.மீ. அகல ஹெம்மிங் டேப் (சூட்டில் ஒட்டும் நாடா) ஒரு சுருள், துவைத்துச் சுருக்கிய காடா துணி ஒரு மீட்டர், வெள்ளை ஃபிளானல் ஒன்றரை மீட்டர், வெள்ளை ஒட்டுப்பசை கால் கிலோ, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திய பலகை) பெட்டி இரண்டு, ரோட்டரி கட்டரும் இரும்பு அளவுகோலும். தையல் சாமான் பெரிய மார்க்கெட்டைச் சுற்றிய கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஃப்யூசிங் வாங்கும்போது காகிதம் போன்ற நெய்யாத வகையைத் தள்ளிவிட்டு நெய்த வகையைக் கேட்க வேண்டும். நெய்யாதது மடங்கும் இடத்தில் உடைந்து, முன்பக்கம் வெள்ளைக் கோடாகத் தெரியும். சட்டத்துக்கு உள்ளே வைக்கும் காகிதத்துக்குப் புதுச்சேரிக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. 1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்கூடம் பருத்திக் கந்தலிலிருந்து செய்யும் காகிதம் இதற்கு ஏற்றது. சாதா அட்டையில் உள்ள அமிலம் பட்டை மஞ்சளாக்கும்.

சோதனைத் துணியில் தெரிந்தவை

மக்கிய 1ஆம் கட்டம் முழுவதும் சோதனைக்கே போனது. அது இல்லாமல் நல்ல துணியில் கைவைத்திருந்தால் சேதம் பெரிதாக இருந்திருக்கும்.

ஹாட் க்ளூ கன் முதலில் தோற்றது. மெல்லிய பட்டுக்கு அடியில் பசை கட்டி கட்டியாகப் புடைத்தது. பசையின் சூட்டில் ஜரிகை ஓரம் சுருண்டது. இரட்டைப் பக்க டேப் முதல் வாரம் நன்றாகப் பிடித்து, ஏப்ரல் வெக்கையில் நழுவி, பசையைத் துணியிலேயே விட்டுவிட்டுப் போனது. வெள்ளைப் பசையை நேராகப் பட்டில் தடவியபோது ஊறி வெளிவந்து கருந்திட்டாக நின்றது. பசையிலுள்ள தண்ணீரால் அரக்கும் இளகியது. அதே பசையை ஃப்யூசிங் ஏற்றிய துணியில், பலகைப் பக்கம் மட்டும் தடவியபோது திட்டு வரவில்லை. ஃப்யூசிங்கின் ஒட்டுப்படலமே தடுப்பாக நிற்கிறது.

இஸ்திரியில் நிறைய பேர் தவறுகிறார்கள். ஃப்யூசிங் உறையில் ஈரத்துணி வைத்து அழுத்தச் சொல்லியிருக்கும். சாயம் இறங்கும் பட்டில் அது நடக்காது. ஈரம் இல்லாமல், நீராவியும் இல்லாமல், சில்க் என்று குறித்த சூட்டில், இடையில் மெல்லிய பருத்தித் துணி போட்டு, ஒவ்வொரு இடத்திலும் 12 முதல் 15 விநாடி அழுத்த வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தேய்த்தால் பட்டு நகர்ந்து அலை அலையாக ஒட்டும். ஜரிகை கீழே இருக்குமாறு தடித்த பூந்துவாலை மேல் கிடத்தினால் கோலம் நசுங்காது. அரை மணி ஆறவிட்ட பிறகே பிடித்துப் பார்க்க வேண்டும். சூட்டோடு உரித்துப் பார்த்து "ஒட்டவில்லை" என்று மறுபடி சூடேற்றுவதில்தான் பசை முன்பக்கம் புள்ளி புள்ளியாகக் கசிகிறது. ஆறிய பிறகும் கொப்புளம் இருந்தால் சூடு போதவில்லை, இல்லாவிட்டால் ஃப்யூசிங்கை முன்கூட்டியே சுருக்கவில்லை என்று பொருள். வெந்நீரில் அரை மணி ஊறவைத்து நிழலில் உலர்த்திவிட்டால் இரண்டாவது காரணம் இராது.

ஜரிகை அசலா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினால், அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால் போலி. பிளாஸ்டிக் படல ஜரிகையாக இருந்தால் மேலே சொன்ன சூட்டில் உருகிவிடும். அதற்கு இஸ்திரி முறையே வேண்டாம்.

முந்தானைச் சட்டம்

முந்தானையை உடலோடு இணைக்கும் பெட்னிக் கோட்டில் இரண்டு நிறப் பாவும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்தத் தடித்த கோடு கைநெசவின் அடையாளம். சட்டத்துக்குள் அது தெரிய வேண்டும் என்பதற்காக, கோட்டிலிருந்து 3 செ.மீ. உடல் பக்கம் தள்ளி வெட்டப்பட்டது. நிபந்தனையை மீறிய வெட்டு இது. அம்மாவிடம் கேட்டே செய்தார்கள். கிடைத்த துண்டு 78க்கு 120 செ.மீ.

சட்டக் கடைகளில் வழக்கமாகத் துணியைப் பலகையில் சுற்றிப் பின்னால் ஸ்டேப்ளர் அடிப்பார்கள். நலிந்த பட்டைச் சுற்றக் கூடாது. சுற்றும் முனையிலேயே அது முறியும். அதற்குப் பதிலாக 12 செ.மீ. அகலக் காடாப் பட்டைகளை முந்தானையின் பின்பக்கம், மேல் விளிம்பிலும் இரு பக்க விளிம்பிலும் 2.5 செ.மீ. மேலேறும்படி ஹெம்மிங் டேப்பால் ஒட்டினார்கள். பலகையைச் சுற்றிப் போவது காடா மட்டும். பட்டு தட்டையாகவே இருக்கிறது. குஞ்சம் இருக்கும் கீழ் விளிம்பு ஒட்டாமல் விடப்பட்டது. மழைக்காலத்தில் துணி தளர்ந்து, வெயிலில் இறுகும். நான்கு பக்கமும் கட்டிவிட்டால் ஏதோ ஓர் இடம் கிழிந்தாக வேண்டும்.

பின்பலகைக்கு 4 மி.மீ. அக்ரிலிக், 90க்கு 130 செ.மீ. பிளைவுட்டும் எம்.டி.எஃப்.பும் அமில ஆவி விடுவதால் மூடிய சட்டத்துக்குள் வேண்டாம். அக்ரிலிக் மேல் கைக்காகிதம், அதன் மேல் ஃபிளானல், அதன் மேல் முந்தானை. ஃபிளானலின் சொரசொரப்பு பட்டைப் பிடித்துக்கொள்கிறது. வழுக்கலான துணியாக இருந்தால் ஜரிகைக் கனத்தில் நடுவில் தொப்பை விழும். காடாவின் நுனி 3 செ.மீ. மட்டும் பலகையின் பின்பக்கம் டேப்பால் ஒட்டப்பட்டது. அங்கே டேப் நழுவினாலும் பட்டைத் தொடாது, மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

முன்பக்கம் கண்ணாடியா அக்ரிலிக்கா என்ற கேள்வியைக் கனமே முடிவு செய்தது. இந்த அளவில் 4 மி.மீ. கண்ணாடி கிட்டத்தட்ட 12 கிலோ; 3 மி.மீ. அக்ரிலிக் 4 கிலோவுக்குச் சற்று மேல். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி தாங்குவது பற்றி யோசித்தால் தேர்வு எளிது. அக்ரிலிக்கைக் காய்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் பெற்றுப் பட்டுப் பிசிறை இழுக்கும். ஈரம் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அக்ரிலிக்குக்கும் பட்டுக்கும் இடையே 10 மி.மீ. இடைவெளிச் சட்டம் கட்டாயம். ஒட்டியிருந்தால் ஈரம் வியர்த்துப் பூஞ்சை திரும்பும். சுவரிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி நிற்கப் பின் மூலைகளில் தக்கைத் துண்டுகள் வைக்கப்பட்டன. கடைக்காரர்கள் ரப்பர் குமிழ் ஒட்டித் தருவார்கள். ரப்பரில் கந்தகம் இருப்பதால் வெள்ளி ஜரிகைக்குப் பக்கத்தில் அது கூடாது. ரப்பர் பேண்டு போட்டுப் பட்டுப் பெட்டி கட்டுபவர்களும் இதைக் கவனிக்கலாம். சட்டத்தை மாட்டியது வெயில் படாத உட்சுவரில்.

கரைகள் கொலுப்படிக்கு

மேல்கரையும் கீழ்க்கரையும் வேலைக்கு மிக இணக்கமானவை, ஒரு பக்கம் நெய்த விளிம்பு ஏற்கெனவே இருப்பதால். மறுபக்கம் வெட்டும்போது கோர்வைக் கோட்டில் கத்திரி படக் கூடாது. அங்கே கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று கோத்து நிற்கின்றன. கோட்டிலேயே வெட்டினால் அந்தக் கோப்பு ஒவ்வொன்றாக அவிழும். உடல் பக்கம் ஒன்றரை செ.மீ. விட்டு வெட்டி, அதைப் பின்னால் மடித்து ஹெம்மிங் டேப்பால் ஒட்டினால், முன்பக்கம் அரக்குத் துளி கூடத் தெரியாது, கோர்வையும் காக்கப்படும். கீழ்க்கரையில் 136 செ.மீ. ஒன்று, மேல்கரையில் 4 முதல் 7, 8 முதல் 11 என 136 செ.மீ. இரண்டு. நாலடிக் கொலுப்படிக்கு இருபக்கமும் சுமார் 7 செ.மீ. தொங்கும் அளவு. முனைகளில் ஜரிகை இழைகள் பிரிந்து குத்தும் என்பதால், மடிப்பதற்கு முன் வெட்டு நுனியில் துணிப்பசையை ஊசிமுனை அளவு தொட்டு உலரவிட வேண்டும்.

படியில் இதைப் பொருத்த ஒன்றும் தேவையில்லை. பொம்மைகளின் கனமே போதும். ஆண்டுக்கு பத்து நாள் வெளியே வந்து, மீதி நாள் சுருட்டி வைக்கப்படும் பொருள் என்பதால் பழைய பட்டுக்கு இதைவிடப் பாந்தமான வேலை இல்லை என்பது எங்கள் கருத்து. மேல்கரையில் மிஞ்சிய 68 செ.மீ. ஜாதக நோட்டின் மேல் சுற்றும் பட்டையானது.

இரண்டு பெட்டிகள்

பெட்டி அளவு கட்டத்தின் அளவிலிருந்து வந்தது. மூடியும் அடியும் 26க்கு 18 செ.மீ., உயரம் 8. சுற்றளவு 88, ஒட்டு மேலேற 2 சேர்த்து 90. உடலின் அகலம் 92 என்பதால் பக்கச்சுற்று இணைப்பில்லாமல் ஒரே பட்டையில் முடியும். உயரத்துக்கு மேலும் கீழும் 3 செ.மீ. மடிப்பு சேர்த்து 14 செ.மீ.; ஒரு கட்டத்தில் விரிசல் ஓரம் போக 32 செ.மீ. கிடைப்பதால் இரண்டு பெட்டிக்கான சுற்றும் ஒரே கட்டத்தில் வந்துவிட்டது. மூடித்துணி 32க்கு 24. அது அடுத்த கட்டத்தில் இரண்டு. ஆக இரண்டு கட்டத்தில் இரண்டு பெட்டி.

வரிசை மாறக் கூடாது: முழுக் கட்டத்துக்கும் ஃப்யூசிங் ஏற்று, ஆறவிடு, பிறகு வெட்டு. வெட்டிவிட்டு ஃப்யூசிங் ஏற்றினால் அதற்குள் ஓரம் அரை செ.மீ. பிரிந்திருக்கும். பசையைப் பலகையில் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசி, மூன்று நான்கு நிமிடம் பிசுபிசுப்பாகும் வரை பொறுத்து, துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உலர்ந்த துணியால் தடவி ஒட்ட வேண்டும். மூடி மூலையில் துணியைச் சாய்வாக நறுக்கும்போது மூலையைத் தொட்டு நறுக்கினால் பலகை எட்டிப்பார்க்கும், 5 மி.மீ. தள்ளி நறுக்க வேண்டும். உள்பக்கத்துக்குக் கைக்காகிதம் ஒட்டியதும் மடிப்பு ஓரங்கள் மறைந்தன. ஒரு நாள் முழுக்க மூடியைத் திறந்தே வைத்து உலர்த்தாவிட்டால் மூடி வளையும்.

மிஞ்சியவை

உடலில் ஆறு கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றையும் எதையாவது செய்தாக வேண்டும் என்று தோன்றும், வேண்டாம். காகிதக் குழாயில் துவைத்த மல் துணி சுற்றி, அதன் மேல் பட்டைச் சுருட்டி, வெளியே இன்னொரு மல் துணி போர்த்தினால் போதும். மடிப்பே இல்லை என்பதால் புது விரிசல் வராது. அந்துருண்டை போடுவதானால் துணியைத் தொடாமல் தனிப்பொட்டலமாக.

1 முதல் 3 வரையிலான கட்டங்களின் கரையும், 4 முதல் 9 வரை சுருங்கிய கீழ்க்கரையும் பழைய ஜரிகை வாங்குபவருக்குப் போயின. அவர்கள் பட்டை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். புடவையை முழுதாகக் காட்டினால் ஒட்டுமொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். கரையை மட்டும் வெட்டி எடுத்துப் போய், அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு, கண்முன் எடை போடச் சொன்னால் பேரம் வேறு மாதிரி நடக்கும். உருவிய இழையில் சிவப்பு நூலைக் காட்டிவிட்டால் "டெஸ்டட் ஜரிகைம்மா", அதாவது வெறும் செம்பு ஜரிகை, என்ற பேச்சும் எழாது.

தேவாலயத் திருமணத்தில் போட்ட வெள்ளை கவுன் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அது பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டினும் நெட்டும். ஓர் இழையை எரித்துப் பார்த்தால் தெரியும்: பட்டு என்றால் முடி கருகும் வாசனையோடு சாம்பலாக நொறுங்கும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். உருகுவதே இங்கே வசதி. சாட்டின் விளிம்பை மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில், தொடாமல், வேகமாக நகர்த்தினால் ஓரம் தானே அடைபடும். நெட் எங்கே வெட்டினாலும் பிரியாது; முக்காட்டு நெட்டை அப்படியே வெட்டிக் கிறிஸ்துமஸ் குடிலின் வானமாக விரிக்கலாம், விளிம்பு வேலையே கிடையாது. இஸ்திரிச் சூட்டை மட்டும் பட்டுக்கு வைப்பதைவிடக் குறைக்க வேண்டும். மணி, கற்கள் ஒட்டிய பகுதியில் இஸ்திரியே கூடாது, அவற்றைப் பிடித்திருக்கும் பசை இளகி இடம் மாறும்.

சட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை அல்லது மாசியில் இறக்கிப் பார்க்க வேண்டும். அக்ரிலிக்கின் உட்பக்கம் பனிமூட்டம் போலத் தெரிந்தால் பின்பக்கத்தைத் திறந்து இரண்டு நாள் உலர்த்த வேண்டும். காடாப் பட்டை மேல் விளிம்பில் விலகியிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் புது டேப்.